38 வயசுல ஏடிஎன் நர்சிங்: கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் அப்ளிகேஷன், பாயிண்ட்ஸ் எப்படி சேர்க்குறது?

வைகைக்கரை
ஜூன் 2023

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் முதல் போஸ்ட் போடுறேன். எனக்கு 38 வயசு. மதுரைல பி.காம் முடிச்சேன், கல்யாணமாகி இங்க சான் ஹோசே பக்கம் வந்து 12 வருஷம் ஆச்சு, வீட்டுக்காரரோட ஒர்க் விசாவ ஒட்டின குடும்ப விசா எச்4, இப்போ ஈஏடி, அதான் வேலை பாக்கற பெர்மிட், கைல இருக்கு, ரெண்டு பசங்க.

பெரியவன் 31 வாரத்துலயே பொறந்துட்டான், அஞ்சு வாரம் என்ஐசியூல, அதான் பச்சைக் குழந்தைங்க ஐசியூல இருந்தான். அவனைத் தொடவே எனக்கு பயம். ஒரு நைட் நர்ஸ்தான் வயரெல்லாம் மெதுவா ஒதுக்கி, அவனைத் தூக்கி என் நெஞ்சு மேல வச்சு போர்வைய போத்தி விட்டு, இனிமே தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் இப்படி வச்சிருங்கன்னு சொன்னாங்க. அந்த வேலைய நானும் செய்யணும்னு அன்னைக்கு மனசுல விழுந்தது, இத்தனை வருஷமா போகல. இப்போ சின்னவளும் ஸ்கூல் போறா.

பக்கத்துல டி ஆன்ஸா, எவர்கிரீன் வேலி, ஓலோனி, சாபோ நாலு காலேஜ்லயும் ஏடிஎன், அதாவது நர்ஸ் ஆகறதுக்கான ரெண்டு வருஷ டிகிரி இருக்கு. வெப்சைட்ட படிக்க படிக்க தலை சுத்துது. அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, இங்கிலீஷ், டீஸ்னு நர்சிங் சேர்றதுக்கான என்ட்ரன்ஸ் எக்ஸாம், பாயிண்ட்ஸ்னு ஒரு பெரிய லிஸ்ட். என் கேள்விங்க, பழைய பி.காம் டிகிரிக்கு ஏதாவது மதிப்பு இருக்கா, மூணு சயின்ஸையும் ஒரே செமஸ்டர்ல முடிச்சிடலாமா, டீஸுக்கு எவ்ளோ நாள் படிக்கணும், எல்லாத்துக்கும் மேல, என்ன மாதிரி ஆள எடுப்பாங்களா? பத்தாவதோட நான் சயின்ஸ விட்டுட்டேன். தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.


இரவுப்பணி

வாங்க சிஸ்டர். நான் 41 வயசுல ஆர்என், அதான் லைசென்ஸ் வாங்கின நர்ஸ் ஆனவ, இப்போ மெட்சர்ஜ்ல (பொது மருத்துவமும் ஆபரேஷனும் சேந்த வார்டு) நைட் பாக்குறேன், அதனால வயச பத்தின கேள்விக்கு இத்தோட பதில் முடிஞ்சது.

மூணு சயின்ஸும் ஒரே செமஸ்டர்லயா, தயவுசெஞ்சு வேண்டாம். இங்க நிறைய பேர் விழுறது இந்த எடத்துலதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். கலிஃபோர்னியால சீட்ட விட அப்ளை பண்றவங்க அதிகமா இருக்கற காலேஜுங்க எப்படி ஆள் எடுக்கலாம்னு ஸ்டேட் சட்டத்துலயே இருக்கு. பாயிண்ட் முறைல பாக்கறதுன்னா எதுக்கெல்லாம் பாயிண்ட் குடுக்கலாம்னும் அதுல இருக்கு. ஏற்கனவே இருக்கற டிகிரி, ப்ரீரிக்விசிட் (முன்னாடியே முடிக்க வேண்டிய பாடங்க) ஜிபிஏ, அதான் கிரேடு சராசரி, ஹெல்த் ஃபீல்டுல வேலையோ வாலன்டியரோ பண்ணது, வாழ்க்கைல பட்ட கஷ்டம், டீஸ் மார்க், இப்படி. ஆனா எதுக்கு எத்தனை பாயிண்ட்னு காலேஜுக்கு காலேஜ் மாறும். லாட்டரி முறைல எடுக்கறதும் உண்டு, அங்க மினிமம் தாண்டிட்டா மிச்சம் குலுக்கல்தான். அதனால இன்னைக்கே நாலு காலேஜோட பாயிண்ட் ஷீட்டையும் டவுன்லோட் பண்ணி பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க. கிளாஸுக்கு ரெஜிஸ்டர் பண்றது அதுக்கு அப்புறம்.

நிறைய ஷீட்ல அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோ இந்த மூணுல வாங்குற கிரேடுக்கு எடை ஜாஸ்தி, அதே சப்ஜெக்ட்ட ரெண்டாவது தடவை எடுத்தா அதையும் எண்ணுவாங்க. கம்யூனிட்டி காலேஜ் சான்சலர் ஆபீஸ் முன்னாடியே ஒரு ஃபார்முலா போட்டாங்க, அதுல மொத்த ஜிபிஏ, இங்கிலீஷ் ஜிபிஏ, கோர் பயாலஜி ஜிபிஏ, கோர் பயாலஜிய எத்தனை தடவை ரிபீட் பண்ணாங்க, இந்த நாலுதான். ரிபீட்டுக்குன்னு தனியா ஒரு எடம் குடுத்துருக்காங்க பாருங்க. முதல் தடவையே ஏ வாங்கற மாதிரி உங்க வாழ்க்கைய ஒதுக்கி வச்சுட்டு கிளாஸ்ல உக்காருங்க. ஒரு செமஸ்டருக்கு ஒரு லேப் சயின்ஸ், மிஞ்சினா ரெண்டு.

பி.காம் வீணாகாது. வெளிநாட்டு டிகிரி இங்க எதுக்கு சமம்னு பாத்து சொல்ற டபிள்யூஇஎஸ் இல்ல ஐஇஆர்எஃப் மாதிரி எடத்துல எவாலுவேஷன் பண்ணா டிகிரி பாயிண்ட் கிடைக்கற காலேஜ் இருக்கு. எந்த ஏஜென்சிய ஒத்துக்குவாங்கன்னு முதல்ல காலேஜ்ல கேட்டுக்கோங்க. ஊர்ல இருந்து டிரான்ஸ்கிரிப்ட் வர மாசக்கணக்காகும், அதை இந்த வாரமே ஆரம்பிச்சிடுங்க.


கோவை2சான்ஹோசே

மேல சிஸ்டர் சொன்னது ஒவ்வொன்னும் சத்தியம், ஏன்னா என் வைஃப் அதே குழில விழுந்து எந்திரிச்சாங்க. வேலையும் பாத்துக்கிட்டு அனாடமியும் மைக்ரோவும் ஒரே செமஸ்டர்ல எடுத்தாங்க, பையனுக்கு ரெண்டு வாரம் காய்ச்சல், அனாடமில டி வந்துருச்சு, மைக்ரோவ பாதில டிராப் பண்ணாங்க. அப்புறம் ரெண்டையும் மறுபடி எடுத்து ஏ வாங்கியும் பாயிண்ட் குறைஞ்சது குறைஞ்சதுதான், ரெண்டு வருஷம் தொடர்ந்து ரிஜெக்ஷன் லெட்டர். இப்போ மூணாவது தடவை போட்டுருக்காங்க.

இன்னொன்னு, ஒரு காலேஜ்ல கவுன்சிலர் ஒருத்தர் அவங்க பழைய கெமிஸ்ட்ரி செல்லும்னு வாயால சொன்னாரு, அப்ளை பண்ணப்புறம் சயின்ஸ் எல்லாம் இத்தனை வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்னு சொல்லி ஓரமா வச்சிட்டாங்க. ஒரு வருஷம் அப்படியே போச்சு. யார் என்ன சொன்னாலும் ஈமெயில்ல எழுதி வாங்கிக்கோங்க. வீட்டுல உக்காந்து அவங்க அழுததை பாத்தவன் நான், அதனால சொல்றேன்.

டி ஆன்ஸா குவார்ட்டர் சிஸ்டம், மத்த மூணும் செமஸ்டர். குவார்ட்டர்ல அனாடமியும் ஃபிசியாலஜியும் சேந்து தொடரா வரும், பாதிய ஒரு எடத்துல எடுத்து மீதிய வேற எடத்துல எடுக்கலாம்னு நினைக்காதீங்க, எங்க ஆரம்பிச்சீங்களோ அங்கயே முடிச்சிடுங்க.


யாழ்நிலா

வணக்கம் அக்கா. நான் லொஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறன், போன வருசம்தான் இடம் கிடைச்சது, இப்ப ரெண்டாவது செமஸ்டர். ஒருத்தரும் இன்னும் சொல்லேல்ல எண்டபடியால் சொல்லுறன், இங்கிலீஷ் தவிர வேற மொழி தெரிஞ்சிருந்தால் அதுக்கும் பொயின்ட் இருக்குது. அந்தச் சட்டத்திலயே மொழியளின்ட பேர் போட்டிருக்கு, அரபு, சைனீஸ், ஃபார்சி, ரஷ்யன், ஸ்பானிஷ், தகாலொக், சைகை மொழி, அதோட இந்தியத் துணைக்கண்டத்து மொழியள் எண்டும் கிடக்கு. அப்ப எங்கட தமிழ் அதுக்குள்ள வருது. நான் தமிழ் எண்டு போட்டுத்தான் பொயின்ட் எடுத்தனான். என்ன ஆதாரம் கேக்கினம் எண்டது ஒவ்வொரு காலேஜுக்கும் வேற வேற, அதை முதலே பாத்து வையுங்கோ.

கஷ்டப்பட்ட வாழ்க்கைக்கும் பொயின்ட் இருக்கெண்டு மேல அக்கா சொன்னவ, அதையும் வெக்கப்படாமல் எழுதுங்கோ. குறைஞ்ச வருமானம், வீட்டில முதன்முதலாக் காலேஜ் போற ஆள், வேலை செய்துகொண்டு படிச்சது, அகதியாய் வந்தது, எல்லாம் அதுக்குள்ள அடங்கும். நான் எங்கட குடும்பம் இடம்பெயர்ந்த கதைய எழுதினனான். எழுதேக்க கை நடுங்கினது. ஆனால் அது நடந்த விசயம், ஒளிக்க ஒண்டும் இல்ல.

டீஸ் பற்றி: 170 கேள்வி, 209 நிமிசம். ரீடிங் 45 கேள்வி, கணக்கு 38, சயன்ஸ் 50, இங்கிலீஷ் 37. பாஸ் மார்க் 62. ஆனால் பொயின்ட் எண்டு வந்தால் 62 காணாது, எண்பதுக்கு மேல பாருங்கோ. முக்கியமான விசயம் என்னெண்டால், முதல் தடவை 62 தாண்டின மார்க்கை மட்டும்தான் எடுப்பம் எண்டு சொல்லுற காலேஜுகள் இருக்கு. சும்மா ஒருக்கா எழுதிப் பாப்பம் எண்டு போய் 65 எடுத்தால் அந்த 65தான் உங்களோட ஒட்டிக்கொண்டு வரும். ஃபிசியாலஜி முடிஞ்ச கையோட எழுதுங்கோ, சயன்ஸ் பகுதிக்கு அரைவாசிப் படிப்பு ஏற்கெனவே மண்டைக்குள்ள நிக்கும்.


வைகைக்கரை

தமிழுக்கு பாயிண்டா!! இதை படிச்சிட்டு வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு வாசிச்சு காட்டினேன். பன்னண்டு வருஷமா இந்த ஊர்ல என் இங்கிலீஷ நினைச்சு கூனிக்குறுகி நின்னிருக்கேன் நிலா, எனக்கு தெரிஞ்ச பாஷைக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு யாரும் சொன்னதில்ல.

ஃபால்ல அனாடமி மட்டும் ரெஜிஸ்டர் பண்றேன்.


டெக்அண்ணன்

எனக்கு ஒன்னு புரியல, ப்ரீரிக்விசிட்டே ரெண்டு வருஷம், அப்புறம் சீட் கிடைக்குமான்னு தெரியாம ஒரு வருஷம், அப்புறம் படிப்பு ரெண்டு வருஷம். வீட்டுக்காரர் சம்பாதிக்கறாரு இல்ல, பிரைவேட் காலேஜ்ல காச கட்டி உடனே சேந்துட்டா என்ன, சீக்கிரம் வேலைக்கு போய் அந்த காச எடுத்துடலாமே. என் கசின் அப்படித்தான் பண்ணா.


இரவுப்பணி

அண்ணா, சில பேருக்கு அது சரியா வரும், நான் மறுக்கல. என் கூட வேலை பாக்கறவங்கள்ல பிரைவேட்ல படிச்ச நல்ல நர்ஸுங்க இருக்காங்க. ஆனா கணக்கு போட்டு பாருங்க. இங்க கம்யூனிட்டி காலேஜ்ல ரெசிடென்ட்டுக்கு யூனிட் 46 டாலர். ஒரு வருஷத்துக்கு மேல இங்க குடியிருக்கறத காட்டினா எச்4ல இருக்கறவங்களுக்கும் அதே ஃபீஸ்தான். புக்கு, யூனிஃபார்ம், ஸ்டெத்தஸ்கோப், பார்க்கிங் எல்லாம் சேத்தாலும் பிரைவேட்ல கட்டுறதுக்கு பக்கத்துல கூட வராது. அதோட எச்4ல ஃபெடரல் எய்டு கிடையாது, அதுக்கான அப்ளிகேஷன் எஃப்ஏஎஃப்எஸ்ஏ போட முடியாது, முழு காசும் குடும்பத்து கைல இருந்துதான் போகணும். லோன் வாங்கி கட்டினா, நாளைக்கு வீட்டுக்காரருக்கு லேஆஃப் வந்தா அந்த லோன யார் கட்டுவா, விசாவே ஆடிப் போயிடும்.

அப்படியும் பிரைவேட்தான்னு முடிவு பண்ணா ரெண்டு விஷயம் பாக்காம செக் எழுதாதீங்க. கலிஃபோர்னியா நர்சிங் போர்டு அப்ரூவ் பண்ண புரோகிராமா, அதோட ஏசிஇஎன் மாதிரி அமைப்பு குடுக்கற நர்சிங் அக்ரெடிடேஷன், அதான் தர அங்கீகாரம் இருக்கா. அது இல்லேன்னா பின்னாடி பிஎஸ்என், அதான் நர்சிங் பேச்சலர் டிகிரி சேர்றப்போ சில எடத்துல கதவ சாத்திடலாம். ஒவ்வொரு காலேஜுக்கும் நர்ஸ் லைசென்ஸ் எக்ஸாமான என்கிளெக்ஸ் பாஸ் பர்சன்ட்டேஜ் எவ்ளோன்னு போர்டு வெப்சைட்லயே வருஷவாரியா இருக்கு, அதையும் பாருங்க.


நெல்லைப்பொண்ணு

குறுக்க வந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க. நான் திருநெல்வேலில பிஎஸ்சி நர்சிங் முடிச்சு நாலு வருஷம் ஐசியூல வேலை பாத்தவ. இங்க வந்து எல்லாரும் ஏடிஎன் சேருன்னு சொல்லுதாங்க. நானும் அனாடமில இருந்து மறுபடி ஆரம்பிக்கணுமா?


இரவுப்பணி

அய்யோ வேண்டாம்மா, முதல்ல நேரா நர்சிங் போர்டுக்கு அப்ளை பண்ணு. உன் காலேஜ்ல இருந்து டிரான்ஸ்கிரிப்ட் போர்டுக்கே வரணும், அதை பாத்துட்டு என்கிளெக்ஸ் எழுத அனுமதி குடுப்பாங்க, இல்லேன்னா எந்த பாடம் குறையுதுன்னு எழுதி அனுப்புவாங்க. குறைஞ்சா அந்த பாடத்த மட்டும் படிச்சா போதும். தியரி மணி நேரம், கிளினிக்கல் மணி நேரம் தனித்தனியா தெளிவா இருக்கற மாதிரி டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு வாங்கு. 2023 ஏப்ரல்ல இருந்து என்கிளெக்ஸ் புது மாதிரி வந்துருக்கு, ஒரு பேஷன்ட்டோட கேஸ முழுசா குடுத்துட்டு அடுத்தடுத்து கேள்வி கேக்கறாங்க. ஐசியூல நின்னவளுக்கு அது சாதகம்தான். நாலு வருஷ ஐசியூ கைய வச்சுக்கிட்டு நீ ஒன்னாம் கிளாஸ்ல உக்காரக்கூடாது.


வைகைக்கரை
டிசம்பர் 2023

அனாடமி முடிஞ்சது. ஏ.

எப்படி முடிச்சேன்னு எழுதணும்னு தோணுது, பின்னாடி வர்றவங்களுக்கு உதவும். 206 எலும்பு பேரு மட்டும் தெரிஞ்சா பத்தாது, ஒவ்வொரு எலும்புலயும் எந்த ஓட்டை வழியா எந்த நரம்பு போகுதுன்னு கேப்பாங்க. லேப் எக்ஸாம்ல மேஜை மேஜையா பின் குத்தி வச்சிருப்பாங்க, ஒரு நிமிஷம்தான், மணி அடிச்சா அடுத்த மேஜைக்கு நகரணும். முதல் லேப் எக்ஸாம்ல 71. அன்னைக்கு கார்லயே முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் ஓபன் லேப் இருக்கற நேரமெல்லாம் போக ஆரம்பிச்சேன், எலும்ப கைல எடுத்து கண்ண மூடிக்கிட்டு தடவி தடவி பழகினேன், வீட்டுல அரிசி களையறப்போ பன்னண்டு மண்டை நரம்பையும் வரிசையா சொல்லிக்கிட்டே களைவேன், சின்னவளுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

ஆனா படிப்ப விட பெரிய கஷ்டம் வேற. ஊர்ல இருந்து மாமியார் வந்திருக்காங்க. நல்லவங்கதான், எனக்கு அவங்க மேல கோபமில்ல. ஆனா பி.காம் படிச்ச பொண்ணு ஊரான் வீட்டு பீ மூத்திரம் அள்ளப் போறியான்னு சாப்பாட்டு மேஜைல வச்சு கேட்டாங்க, நைட் ஷிஃப்ட் போனா புள்ளைங்கள யாரு பாக்கறதுன்னு கேட்டாங்க. அவரும் தலைய குனிஞ்சு சாப்பிட்டாரு, ஒன்னும் சொல்லல. ரெண்டு நாளா புக்க திறக்க முடியல. இதுக்கு பாயிண்ட் ஷீட்ல பதில் இல்லன்னு தெரியும், இருந்தாலும் கேக்கறேன், நீங்கெல்லாம் எப்படி சமாளிச்சீங்க?


இரவுப்பணி

என் வீட்டுலயும் கேட்டாங்கம்மா, அதே வார்த்தை. ஆமா, அள்ளுறேன். பக்கவாதம் வந்த எழுவது வயசுக்காரர், தன் பையன்கிட்ட கூட சொல்ல முடியாம கூசிப் போய் படுத்திருப்பாரு, அவர சுத்தம் பண்ணி, முதுகுல புண்ணு வராம திருப்பிப் படுக்க வச்சு, துணி மாத்தினப்புறம் அவர் மூச்சு விடுவாரு பாரு, அதை கேட்டவங்களுக்கு இந்த கேள்வி வராது. அப்படி திருப்பறப்போதான் அவர் தோல பாக்கறோம், மூச்சு எப்படி வாங்குதுன்னு பாக்கறோம், பேச்சு குழறுதான்னு பாக்கறோம். டாக்டர் வர்றதுக்கு முன்னாடி ஆபத்த கண்டுபிடிக்கறது அந்த நேரத்துலதான்.

இன்னொன்னும் சொல்லு அவங்ககிட்ட. 2004ல இருந்து இந்த ஸ்டேட்ல ஒரு நர்ஸுக்கு இத்தனை பேஷன்ட்தான்னு சட்டம் அமல்ல இருக்கு, மெட்சர்ஜ்ல அஞ்சு பேர், ஐசியூல ரெண்டு பேர். ஊர்ல ஒரே நர்ஸ் மொத்த வார்டையும் பாத்து ஓடுறத பாத்த கண்ணோட அவங்க பேசறாங்க, அந்த பயம் அவங்களுக்கு நியாயம்தான்.

வீட்டுக்காரர்கிட்ட தனியா உக்காந்து பேசு. கிளினிக்கல் நாள்ல விடியக்காலைல அஞ்சரைக்கு நீ கிளம்பணும், பசங்கள எழுப்பறதுல இருந்து ஸ்கூல்ல விடறது வரைக்கும் அவரு. அதுக்கு இப்பவே சரின்னு சொல்லணும், சீட் வந்தப்புறம் இல்ல.


கோவை2சான்ஹோசே

ஆம்பளைங்க பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. நானும் முதல்ல தலை குனிஞ்சுதான் சாப்பிட்டேன். அது தப்புன்னு எனக்கு புரிய ரெண்டு ரிஜெக்ஷன் லெட்டர் தேவைப்பட்டுச்சு. அவரை எனக்கு மெசேஜ் பண்ணச் சொல்லுங்க, நான் பேசறேன்.

அப்புறம், என் வைஃபுக்கு ஃபாலுக்கு சீட் கிடைச்சு நாலு மாசம் ஆச்சு. மூணாவது தடவை. நடுவுல சிஎன்ஏ, அதான் நர்ஸுக்கு உதவியாளர் கோர்ஸ் பண்ணி, இங்க 160 மணி நேரம் அது, ஒரு நர்சிங் ஹோம்ல வார கடைசில வேலை பாத்தாங்க, அந்த எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட்தான் மேல தூக்கிச்சு.


ஃப்ரீமாண்ட்_மாணவி

அக்கா, அண்ணா, எனக்கு 19 வயசு, நானும் எச்4, நாலு வயசுல இங்க வந்தேன். அப்பாவோட கிரீன் கார்டு இன்னும் க்யூல நிக்குது. 21 ஆச்சுன்னா எச்4 போயிடும். நர்சிங் படிக்க ஆசை, அதுக்குள்ள முடியாது. என்ன பண்றது?


யாழ்நிலா

தங்கச்சி, நீங்கள் 21க்கு முன்னமே எஃப்1 எண்ட ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறிற அலுவலைத் தொடங்க வேணும், கடைசி மாசம் வரைக்கும் வைச்சிருக்காதேங்கோ. ஆனால் எஃப்1 பிள்ளைகள நர்சிங்குக்கு எடுக்காத காலேஜுகள் இருக்கு, ஃபீஸும் ரெசிடென்ட் ஃபீஸ் இல்ல, பல மடங்கு. அப்ப அப்ளை பண்ண முதல் காலேஜுக்கு ஒரு ஈமெயில் போட்டு, புரோகிராம் நடுவில விசா மாறினால் என்ன நடக்கும் எண்டு நேரடியாக் கேளுங்கோ. காசு குடுத்தாவது ஒரு இமிக்ரேஷன் லோயரிட்ட ஒருக்கா கதையுங்கோ. நர்ஸ்மாருக்கு ஷெட்யூல் ஏ எண்டு ஒரு வழி இருக்கு, பேர்ம் எண்ட லேபர் சேர்ட்டிஃபிகேட் இல்லாமல் ஆஸ்பத்திரியே கிரீன் கார்டுக்குப் போடலாம். ஆனால் இந்தியாவில பிறந்தவைக்கு அதுக்குப் பிறகும் க்யூதான். இதுகளை இப்பவே தெரிஞ்சு வைச்சிருந்தால் பிறகு இடிஞ்சு போகமாட்டியள்.


வைகைக்கரை
மே 2025

ரொம்ப நாள் ஆச்சு. எல்லாரும் இங்க இருக்கீங்களா?

ஃபிசியாலஜில பி, மைக்ரோல ஏ. அந்த பி வந்த அன்னைக்கு எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சேன். மைக்ரோல தெரியாத பாக்டீரியா ஒன்ன கைல குடுத்து கண்டுபிடின்னு விட்டாங்க, மூணு வாரம் அதுக்கு பின்னாடியே திரிஞ்சேன், அது எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. டீஸ்ல 86. நிலா சொன்ன மாதிரி ஃபிசியாலஜி முடிச்ச சூட்டோட எழுதினேன், ஒரே தடவைதான்.

அப்ளை பண்ணது நாலு காலேஜ். ரெண்டுல இல்லன்னு வந்துச்சு. ஒன்னுல ஆல்டர்னேட் லிஸ்ட். நாலாவதுல இருந்து போன செவ்வாக்கிழமை ஈமெயில், ஃபாலுக்கு சீட். ரெண்டு தடவை படிச்சும் நம்ப முடியாம அவரை கூப்பிட்டு படிக்கச் சொன்னேன். மாமியாருக்கு வீடியோ கால் போட்டோம், ரொம்ப நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் எப்போ காலேஜ் ஆரம்பிக்குது, நான் வந்து புள்ளைங்கள பாத்துக்கறேன்னாங்க.

இப்போ ஹெல்த் பேப்பர் வேலை ஓடுது. பேக்ரவுண்ட் செக், டிரக் டெஸ்ட், பிஎல்எஸ் (உயிர் காக்கற முதலுதவி) கார்டு, எம்எம்ஆர், சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி டைட்டர், அதான் ரத்தத்துல எதிர்ப்பு சக்தி பாக்கற டெஸ்ட் எல்லாம். நம்ம ஊர்ல பொறந்தவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். சின்ன வயசுல டிபி தடுப்பூசி பிசிஜி போட்டதால தோல்ல போடுற டிபி டெஸ்ட் பாசிட்டிவ்னு காட்டலாம், எனக்கு கை வீங்கி பயந்தே போயிட்டேன். டாக்டர்கிட்ட பிசிஜி போட்டதை சொல்லி குவான்டிஃபெரான் பிளட் டெஸ்ட் கேளுங்க, அதுக்கும் பிசிஜிக்கும் சம்பந்தமில்ல. எனக்கு அது நெகட்டிவ். காலேஜ் ஒத்துக்கிட்டாங்க.


ஃப்ரீமாண்ட்_மாணவி

அக்கா, படிக்கறப்பவே கண்ணு கலங்கிடுச்சு. ஒரே ஒரு கேள்வி, தமிழ் பாயிண்ட் கிடைச்சுதா? அதுக்கு என்ன குடுத்தீங்க?


வைகைக்கரை

கிடைச்சுதுமா. ஒரு காலேஜ் பிளஸ் டூ மார்க் ஷீட்டே போதும்னாங்க, தமிழ் முதல் பாடமா இருந்துச்சு, எவாலுவேஷனோட சேத்து குடுத்தேன். சீட் குடுத்த காலேஜ்ல அந்த மொழிய வேலைல பயன்படுத்தினதுக்கு லெட்டர் கேட்டாங்க. நான் ஒரு வருஷமா சனிக்கிழமைல ஒரு முதியோர் சென்டர்ல வாலன்டியரா இருந்தேன், அங்க பையன் கூட வந்து தங்கியிருக்கற தஞ்சாவூர் பாட்டி ஒருத்தருக்கு இங்கிலீஷ் வராது, பிபி மாத்திரைய எப்போ போடணும்னு நான்தான் அவங்களுக்கு சொல்லுவேன், நர்ஸ்கிட்ட அவங்க வலிய நான்தான் எடுத்து சொல்லுவேன். அந்த சென்டர் மேனேஜர் அதை அப்படியே எழுதி கையெழுத்து போட்டு குடுத்தாங்க. நீ எங்க வாலன்டியர் பண்றன்னு சொல்லு, அந்த லெட்டர்ல என்னென்ன வரி இருக்கணும்னு எழுதி அனுப்புறேன்.